முனை எந்தப் பக்கம் இருந்தது?

1993 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். பால் முடிந்திருந்தது, பிளேன்ரீ குடித்தேன். மனைவி ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டாள். நான் நீலச் சட்டையை அயன்பெட்டியால் மினுக்கி, சப்பாத்தைத் துடைத்து, ஏழே காலுக்கு சென் ஜேம்ஸ் ரவுணிலுள்ள எங்கள் கட்டடத்திலிருந்து இறங்கி ஷேர்போர்ன் நிலையத்துக்கு நடந்தேன். ஆறு நிமிடம். வெளியே வெப்பம் ஒரு பாகை, காற்று இல்லை.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் உள்ளவை. அந்த நாளின் மிகுதி அதில் இல்லை. பதினொரு வருட நாட்குறிப்பில் பாதியில் நிற்கும் பக்கம் அது ஒன்றுதான். ஆகவே இனி வருவதை நினைவிலிருந்து எழுதுகிறேன். நேரங்கள் ஐந்து நிமிடம் முன்பின்னாக இருக்கலாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நாட்குறிப்பைப் பற்றி மனைவிக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அன்று காலையும் சொன்னாள்: “பால் முடிஞ்சதை எழுதிறியள். பால் வாங்க மறந்ததை எழுதிறியள். பாலை வாங்கிறது மட்டுந்தான் உங்கடை கொப்பியிலை இல்லை.”

ஊரில் நான் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளன். இரண்டும் ஒரே வேலைதான் என்று நினைத்திருந்தேன். மற்றவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் வேறொரு தாளுக்கு மாற்றுவது. விதிகள் எனக்குப் பிடித்தவை. கோரிக்கையாளர் ‘நான் ஓடினேன்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான் ஓடினேன்’ என்றுதான் சொல்லவேண்டும். ‘இவர் ஓடினாராம்’ என்று சொல்லக்கூடாது. அறைக்கு வெளியே கோரிக்கையாளரோடு பேசக்கூடாது. அழுதால் ஆறுதல் சொல்லக்கூடாது. இவற்றில் எதையும் நான் மீறியதில்லை. இவற்றோடு நானாகச் சேர்த்துக்கொண்ட பழக்கம் ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குயீன் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தேன். இரண்டு நாளில், போர்களில் இறந்த சிப்பாய்களுக்கான நினைவுநாள். நினைவுத்தூணடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான்கு மூலையிலும் நான்கு இளம் சிப்பாய்கள், ஆளுக்கொரு றைபிளோடு, முனை நிலத்தைப் பார்க்கத் தலைகுனிந்து நின்றார்கள். வேலைக்கு ஓடிய ஒரு பெண் அவர்களில் ஒருவனின் முழங்கையில் இடித்துவிட்டாள். அவள் “சொறி” என்றாள். துவக்கு வைத்திருந்தவனும் “சொறி” என்றான். இந்த நாட்டின் அரசியல் சாசனத்தை யாராவது ஒரு வரியில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

நான் இதை வீதியின் மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். எப்போது வீதியைக் கடந்தேன் என்று தெரியவில்லை. வலது கை, ஊர்ச் சோதனைச்சாவடியில் போல, கோட்டின் உட்பையில், அடையாள அட்டையைப் பிடித்தபடி இருந்தது. நான் கனடாவின் குடிமகனாகி மூன்று வருடமாகிறது என்பதை என் கைக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

விசாரணை ஒன்பது மணிக்கு. சிறிய அறை, ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர்க் குவளை. முடிவு சொல்ல வேண்டிய அகதிச் சபை உறுப்பினர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். மேற்சட்டையில், நினைவுநாளுக்கு எல்லாரும் குத்திக்கொள்ளும் சிவப்புப் பொப்பிப் பூ. அவருக்குப் பக்கத்தில், கேள்வி கேட்பதற்கென்று இருக்கும் இளம் அதிகாரி, முன்னால் மஞ்சள் தாள்களோடு. எதிரே கோரிக்கையாளரும் அவருடைய சட்டத்தரணியும். சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. கோரிக்கையாளருக்கு ஆங்கிலம் தெரியாது. மேசையின் ஓரத்தில் நான்.

கோரிக்கையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண், கணவர் இல்லை. இரண்டு மகள்மார். அவர்களைக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தங்கையோடு விட்டுவிட்டு வந்திருந்தார். சபை ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளைக் கூப்பிடலாம். மறுத்தால் பிள்ளைகள் அங்கே, தாய் எங்கே என்று தெரியாது. கோப்பு மெல்லியதாக இருந்தது. அதற்குள் இருந்தது இவ்வளவுதான்.

இப்போது என் பழக்கம். விசாரணை தொடங்குமுன் கோரிக்கையாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறார்களா என்று பார்க்கவேண்டும். மற்றவர்கள் காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ‘விளங்குது’ என்பார்கள். எனக்கு அது போதாது. கறுப்பு மட்டைக் கொப்பியில் சிவப்புக் கோடிட்டு, ஐந்து கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொள்வேன். பெயரும் தேதியும் பிசகக்கூடாது என்பதற்காகத்தான்.

“அம்மா, சொந்த ஊர் எது?” என்று கேட்டேன். சொன்னார். எழுதினேன்.

“வீட்டிலை எத்தினை பேர்?”

“நாங்கள் மூண்டு பேர்.”

“பிள்ளையளின்ரை வயதென்ன?”

அவர் என் பேனையைப் பார்த்தார். “சின்னவ பதின்மூண்டு.”

“மூத்தவ?”

“…பதினைஞ்சு.”

எழுதி, அடிக்கோடிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பிறந்த மாதத்தைப் பற்றியும். “நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?” என்று கடைசியாகக் கேட்டேன்.

“ஓம் ஐயா. நல்லா விளங்குது” என்றார்.

அவருக்கு என்ன விளங்கியது என்பது எனக்கு விளங்க மேலும் இரண்டு மணி நேரம் சென்றது.

அதிகாரி, அந்தப் பெண் முன்பே எழுத்தில் கொடுத்திருந்த வாக்குமூலத்தை எடுத்தார். ஆயுதம் தாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததாகவும், பிள்ளைகளுக்குப் பயந்து ஊரைவிட்டு வந்ததாகவும் அதில் இருந்தது.

“வந்தவர்கள் உங்களைப் பயமுறுத்தினார்களா?” என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இல்லை ஐயா. அவை மரியாதையானவை.”

மொழிபெயர்த்தேன். சட்டத்தரணி நிமிர்ந்தார்.

“கையில் துப்பாக்கி இருந்ததா?”

“ஓம். அது எல்லாற்றை கையிலையும் இருந்ததுதானே. முதல் ஆமிக்காரர் வைச்சிருந்தவை. பிறகு இயக்கப் பொடியள். பிறகு பக்கத்து நாட்டு ஆமி. பிறகு வேறை பொடியள். சந்தைக்குப் போனாலும் துவக்கு, கோயிலுக்குப் போனாலும் துவக்கு. குடை மாதிரி.”

அதிகாரி ஒழுங்கான மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பகிரங்கமாகத் துப்பாக்கி வைத்திருப்பது எந்த இடத்தில் அச்சுறுத்தலாகிறது என்று அவர் அறியவேண்டியிருந்தது. படிப்படியாகக் கேட்டார். நானும் படிப்படியாக இறங்கினேன்.

“தோளில் தொங்கியதா, கையில் இருந்ததா?”

“தோளிலை கொண்டுவந்தவன். பிறகு சாத்தி வைச்சவன்.”

“எதன்மேல்?”

“கிணத்துக் கட்டிலை.”

“முனை எந்தப் பக்கம் இருந்தது?”

“மதில் பக்கம். அவனாத்தான் திருப்பி வைச்சவன். ‘அக்கா, இந்தப் பக்கம் கோழி நிக்குது’ எண்டவன்.”

“விரல் எங்கே இருந்தது?”

“தேத்தண்ணிக் கிளாசிலை.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். “தேநீர் கொடுத்தீர்களா?”

“வீட்டுக்கு வந்தவைக்குத் தேத்தண்ணி குடுக்காமல் விடுறதே?” என்றார் அவர், என்னிடமே ஒரு சாட்சியம் கேட்பதுபோல. நான் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். அதிகாரி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு இந்த இடத்தில் சொல்ல நிறைய இருந்தது. எங்கள் ஊரில் எந்தத் துவக்குக்காரருக்கும் தேநீர் கொடுத்தோம்; பயந்தபோது சீனி கூடுதலாகப் போட்டோம். வந்தவனுக்கு வெறும் தண்ணீர் கொடுத்த வீடுதான் பயமில்லாத வீடு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல. விதி இருந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

அப்போது உறுப்பினர் பேசினார். குரல் தன்மையானது, அதிலிருந்தே நிலைமை மோசம் என்று தெரிந்தது. “இன்று காலை நான் வரும் வழியில் துப்பாக்கி வைத்திருந்த நான்கு இளைஞர்களைக் கடந்து வந்தேன். எனக்குப் பயமாக இருக்கவில்லை. உங்கள் ஊரில் அது குடை மாதிரி என்கிறீர்கள். வந்தவர் மரியாதையானவர் என்கிறீர்கள். ஆனால் வாக்குமூலத்தில் பயந்து ஓடியதாக இருக்கிறது. இரண்டில் எதை நான் நம்புவது? பதினைந்து நிமிடம் இடைவேளை. யோசித்துப் பாருங்கள்.”

வெளியே நடைவழியில் சட்டத்தரணி அந்தப் பெண்ணின் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார். அவரும் கையை விரித்தார். இருவருக்கும் பொதுவான ஒரே மொழி அதுவாக இருந்தது. சட்டத்தரணி ஏழெட்டு அடி தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். ‘என்ன நடந்தது என்று கேட்டுச் சொல்லேன்’ என்ற பார்வை. நான் சுவரிலிருந்த ஏரிப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு தோணி இருந்தது. கொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விதியை மீறாத திருப்தியோடு, பதினைந்து நிமிடமும் அந்தத் தோணியைப் பார்த்தேன். ஒருமுறை திரும்பியபோது அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, கொப்பியை.

மீண்டும் உட்கார்ந்தோம். கருவி சுற்றத் தொடங்கியது. உறுப்பினர் கேட்டார்: “அன்று எந்த நிமிடத்தில் உங்களுக்குப் பயம் வந்தது? துப்பாக்கியைக் கண்டபோதா?”

நான் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, பதிலைக் குறிக்கப் பேனையைத் தாளில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்க்காமல் உறுப்பினரைப் பார்த்துப் பேசினார். “நான் சொல்லுறன். ஆனா உவர் எழுதுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

ஆங்கிலத்தில் சொன்னேன்: “நான் சொல்கிறேன். ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.”

உறுப்பினர் இளம் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வருத்தத்தோடு பேனையை மேசையில் வைத்தார்.

“அந்தத் தம்பியில்லை” என்றார் அந்தப் பெண். “அவர் எழுதட்டும். இந்த ஐயா.”

விரல் என் மார்புக்கு நேரே இருந்தது. விரலை மொழிபெயர்க்க விதியில் வழி சொல்லப்படவில்லை. நான் என் பேனையால் என்னையே சுட்டிக்காட்டி, “இந்த ஐயா” என்றேன்.

உறுப்பினர் ஏன் என்று கேட்டார். அதையும் நான்தான் கேட்கவேண்டியிருந்தது. “ஏன் அம்மா?” என்றேன்.

இனி அவர் சொன்னதை விதிப்படி ‘நான்’ என்றே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் சொன்ன தமிழில் இங்கே தருகிறேன்.

“வந்தது ரெண்டு பேர். துவக்கு வைச்சிருந்தவன் எங்கடை ஊர்ப் பொடியன். தாயைத் தெரியும். அவன் கிணத்தடியிலை நிண்டு கோழியைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அவனிலை எனக்கென்ன பயம்? மற்றவரிட்டைத் துவக்கில்லை. மினுக்கின சேட். செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்தவர். ‘அக்கா, இருக்கலாமோ’ எண்டு கேட்டு இருந்தவர். கொப்பியைத் திறந்தவர். கோடு போட்ட கொப்பி. வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்டவர். பிள்ளையளின்ரை வயதென்ன எண்டு கேட்டவர். சின்னவவைச் சொன்னன், எழுதினவர். மூத்தவ எண்டு கேட்டவர். அதையும் எழுதி, கீழை கோடும் போட்டவர். ‘சரி அக்கா, பிறகு வாறம்’ எண்டிட்டுப் போனவை. அப்பிடி வயது எழுதிக்கொண்டு போன வீட்டுப் பிள்ளையளைத்தான் பிறகு இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போறவை. அடுத்த நாள் விடிய நான் பிள்ளையளைக் கொண்டு வெளிக்கிட்டிட்டன்.”

“அவர் குரலை உயர்த்தினாரா?” என்று கேட்டார் உறுப்பினர்.

“இல்லை. உவரைப் போலத்தான். மெல்லமாக் கதைப்பார்.”

“இவரைப் போலத்தான்” என்று மெதுவான குரலில் மொழிபெயர்த்தேன். வேறு குரல் என்னிடம் இருக்கவில்லை.

“அப்படியானால் முதலில் ஏன் மரியாதையானவர்கள் என்று மட்டும் சொன்னீர்கள்?”

“உவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. எங்கடை ஆள். ஊர் கேட்டார், எழுதினார். வயது கேட்டார், எழுதினார். பள்ளிக்கூடமும் கேட்டார். உங்கடையாக்கள் ஒருத்தரும் உதைக் கேக்கேல்லை. என்ரை பிள்ளையள் இன்னும் கொழும்பிலைதான் நிக்கினம். கொப்பி எங்கை போகுதெண்டு ஆருக்குத் தெரியும்? நான் வந்தவையைப் பற்றிக் குறை சொல்லி, அது உந்தக் கொப்பியிலை ஏறினால்?”

நான் இந்த வேலைக்கு வந்த பதினான்கு மாதங்களில் எத்தனை பேர் என் ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, வந்தவர்கள் மரியாதையானவர்கள் என்று சபைக்குச் சொல்லியிருப்பார்கள் என்று அந்த நிமிடத்தில் எண்ண முயன்றேன். கொப்பியில் எண்ணிக்கை இருந்தது. வரிசை எண் போட்டிருந்தேன். கேட்க யாரும் இல்லாததால் சொல்லவில்லை.

உறுப்பினர் கொப்பியை மூடச் சொன்னார். மூடினேன். பேனையையும் பைக்குள் வைத்தேன்.

“அந்தத் தாள்?” என்றார் அந்தப் பெண்.

மொழிபெயர்த்தேன். உறுப்பினர், அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுக்கச் சொன்னார். நான் ஒரு கொப்பியிலிருந்து தாள் கிழிப்பது அதுவே முதல் தடவை. ஓரம் நேராக வரவில்லை. அவர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். இரண்டாகவும் நாலாகவும் எட்டாகவும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கிழித்துக் குப்பையில் போடவில்லை. துண்டுகளை ஒட்டிப் பார்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

குறிப்பில்லாமல் மொழிபெயர்ப்பது எனக்குப் பழக்கமில்லை. “அம்மா, ஒவ்வொரு வசனமாச் சொல்லுங்கோ. ஞாபகத்திலை நிக்கவேணும்” என்று உறுப்பினரிடம் அனுமதி பெற்றுக் கேட்டேன். அவர் ஒரு வசனம் சொல்லி, நான் முடிக்கும்வரை என் வாயைப் பார்த்துக் காத்திருப்பார். பிறகு அடுத்தது. ஒரு மாதத்தை நான் தடுமாறியபோது திருத்தினார்: “ஆவணி எண்டனான். புரட்டாதியில்லை.” வேகம் அவர் கையில் போயிருந்தது. எழுத்தில் இருந்ததும் வாயில் வந்ததும் பகல் பன்னிரண்டரைக்குள் ஒன்றாகிவிட்டன. அதிகாரி, முனையைப் பற்றி எழுதிய மஞ்சள் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, மேலும் கேள்வி இல்லை என்றார்.

வழக்கமாக முடிவு தபாலில் வரும். அன்று உறுப்பினர் அரை மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து, அங்கேயே சொன்னார். கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான்கு நிமிடம் காரணம் வாசித்தார். துப்பாக்கி வைத்திருந்தவரைப் பற்றி அதில் ஒரு வசனம். மற்றவரைப் பற்றி ஒன்பது. ஒன்பதையும் நினைவில் வைத்துத் தமிழில் சொன்னேன்.

அந்தப் பெண் அழவில்லை. “அப்ப பிள்ளையளை எப்ப கூப்பிடலாம்?” என்றார்.

உடனே விண்ணப்பிக்கலாம் என்றார் சட்டத்தரணி. நாளைக் காலையே படிவத்தை நிரப்பிவிட்டால் நல்லது. பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூடம், தங்கியிருக்கும் இடம் எல்லாம் வேண்டும். யாராவது தமிழர் ஒருவர் உதவிக்கு இருக்கவேண்டும்.

இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது, ‘பிறந்த தேதி’ என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. பட்டியல் எனக்குப் புதிதல்ல.

வழக்கு முடிந்துவிட்டதால் நாளை நான் வரத் தடையில்லை என்று சபையின் எழுதுநர் சொன்னார், கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் வேறொருவரை ஒழுங்குசெய்வதே முறை என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். என்னைப் பற்றி நானே கேட்டேன்: “அம்மா, நாளைக்கு நான் வரலாமோ, வேறை ஆளைக் கூப்பிடுவமோ?”

அவர் என்னை முதல் தடவையாக முகத்தில் பார்த்தார். “வேறை ஆளெண்டால் அவரும் ஒரு கொப்பி கொண்டுதானே வருவார். நீங்கள் வாங்கோ. எழுதுறது நான்.”

மாலை வீட்டில் மனைவியிடம், பெயர் ஊர் ஒன்றும் சொல்லாமல், இன்று ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “உங்களையோ? உங்களைக் கண்டால் புறாவும் பறக்காது” என்று சிரித்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, “என்ன கேட்டனீங்கள்?” என்றாள். ஐந்து கேள்வியையும் சொன்னேன். மூன்றாவதில் சிரிப்பு நின்றது.

நாட்குறிப்பை எடுத்து உட்கார்ந்தேன். காலை ரயிலில் எழுதியது ‘காற்று இல்லை’ என்பதோடு நின்றது. அதற்குக் கீழே அந்தப் பெண்ணின் வீட்டைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மூடி வைத்தேன்.

புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்குச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் படிவத்தை மேசையில் வைத்து, பெட்டிகளின் தலைப்பை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். அந்தப் பெண் சொந்தப் பேனை கொண்டுவந்திருந்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், மெதுவாக, நான் பார்க்க எழுதினார். மூத்த மகளின் பெட்டி வந்தது.

“வயது எழுதத்தான் வேணுமோ?”

“ஓம் அம்மா. பிறந்த தேதியும்.”

அவர் பேனையை மூடி, மறுபடி திறந்தார். பிறகு பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாமல் மறைப்பதுபோல இடது கையை வளைத்துப் படிவத்தின் மேல் வைத்து, எழுதினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.